மானுக்கு வைத்த அகத்திக்கீரை

மான் என்று சொன்னதும் முகம் இளகிப்போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் யாரும் மானோடு குடியிருந்தது கிடையாது. நான் இருந்திருக்கிறேன். ஆவடிக்குப் போகிற வழியில், மின்சார ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் அடுக்குமாடி. பின்பக்கம் ஒரு பெரிய அரசு வளாகத்தின் சுற்றுச்சுவர். அந்தப் பக்கம் கட்டடங்கள் கொஞ்சம், முட்புதர் நிறைய. நாங்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அந்தப் புதருக்குள் புள்ளிமான்கள் இருக்கின்றன. ஒரு மழையில் சுவரில் ஓரிடத்தில் கல் சரிந்து, ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விழுந்திருந்தது. அதன் வழியாக அவை எங்கள் பக்கம் வந்து போகும்.

குடிவந்த முதல் மாதமே என் செம்பருத்தி மொட்டையாகிவிட்டது. "மான் சாப்பிட்டிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் ஏதோ விருந்தாளி வந்துபோன மாதிரிச் சொன்னார். அவருக்கென்ன, லேப்டாப்பைத் திறந்தால் உலகம் மறந்துவிடும். தினமும் தண்ணீர் ஊற்றியது நான். மாடிகளில் இருக்கிறவர்களுக்கு மான் அழகு, போட்டோ. தரைத்தளத்தில் பின்பக்கம் இருக்கிற எனக்கு அது வாசலில் கிடக்கும் புழுக்கை.

ஆனாலும் பழகிவிட்டது. பின்பக்கக் கேட்டில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. தீபாவளிக்கு வெடி எல்லாம் முன்பக்கத்தோடு சரி. குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது மான் வந்துவிட்டால் பந்தைக் காலடியில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள். அவையும் எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சந்து வழியாகத் திரும்பிவிடும். இதெல்லாம் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை. கூட்டம் போட்டு முடிவு செய்த ஒரே விஷயம் பிற்பாடு வந்தது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அத்தான் இறந்த பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தேனிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருவருமாக இருந்தார்கள். அத்தான் ஒருநாள் கடைக்குப் போனவர் கடை வாசலிலேயே விழுந்துவிட்டார். கொள்ளி வைத்த அவருடைய அண்ணன் மகன் காரியம் முடிந்ததோடு கை கழுவிவிட்டான். அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க யாரும் இல்லை. அக்காவே செய்யலாமா என்று கேட்டதற்கு, பெண்கள் செய்வது வழக்கமில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டோ என்னவோ, "பசுமாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடும்மா, அவருக்குப் போய்ச் சேர்ந்துடும்" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்காக அவளால் செய்ய முடிந்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். கடவுள், திதி இதிலெல்லாம் நான் பெரிய ஈடுபாடு உள்ளவள் இல்லை. ஆனால் அமாவாசை நெருங்க நெருங்க அவளுக்குக் கையில் ஒரு வேகம் வருவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் சோபாவின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அதனால் நான் வாயைத் திறந்ததில்லை.

இங்கே வந்து முதல் அமாவாசையன்று குளித்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கீரைக்கட்டோடு மாடு தேடிக் கிளம்பினாள். வாட்ச்மேன் சிரித்துவிட்டார். அவர் கள்ளிக்குப்பத்துக்காரர், இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மாடு இன்னாம்மா கீது இங்க? ரோட்ல சுத்திகினு இருந்துச்சுன்னா கார்ப்பரேசன்காரன் புட்ச்சிகினு பூடுறான். மாடு வச்சிருந்தவங்கல்லாம் வித்துட்டு ஆட்டோ ஓட்றாங்க" என்றார்.

அக்கா நம்பவில்லை. வெயிலில் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, வாடிய கீரையோடு மதியத்துக்கு மேல் திரும்பினாள். சாப்பிடவில்லை. "அவருக்குப் போகாம எனக்கு எப்படிடீ எறங்கும்" என்றாள். அடுத்த மாதம் நானே லீவு போட்டு ஆட்டோ வைத்து ஒரு கோசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஆள் கீரையை வாங்கி ஏற்கெனவே மலையாகக் கிடந்த கீரைமேல் எறிந்துவிட்டு, நன்கொடை இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்குள் நுழையும்போது அக்கா, "யாரு தின்னதுன்னே தெரியலையே" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது அமாவாசைக்கு அவள் எங்கேயும் போகவில்லை. காலையில் பின்பக்கம் போய், சுவரில் இருந்த அந்தச் சந்துக்குள் கையை நீட்டி, அந்தப் பக்கமாகக் கீரைக்கட்டை வைத்துவிட்டு வந்து எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை மான் வந்தது. முகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தது. பிறகு நிதானமாக, கிளை கிளையாகத் தின்றது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடைசி இலைவரைக்கும் பார்த்தாள். அதற்குப் பிறகு உள்ளே வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மானுக்குக் கொடுத்தால் சேருமா என்று நான் கேட்கவில்லை. அவளே, "வாயில்லா ஜீவன்தானே எல்லாம்" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் அப்படித்தான். வைப்பாள், உடனே உள்ளே வந்துவிடுவாள். கிட்டே நிற்க மாட்டாள். அவள் உள்ளே வந்த பிறகுதான் அவையும் வரும். அவளுக்கும் அவற்றுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு. என் செம்பருத்தியைத் தின்ற கழுதைகளுக்குக் கீரை வேறா என்று நான் கிண்டல் செய்தால், "உன் அத்தானுக்குச் செம்பருத்தி பிடிக்கும்டி" என்பாள். அவர் இறந்த பிறகு அவள் சிரித்துப் பேசியது அப்படிப்பட்ட சமயங்களில்தான்.

யார் வீட்டு மாடியிலிருந்து எடுத்தார்களோ தெரியவில்லை, ஒரு அமாவாசையன்று அக்கா கீரை வைப்பதும் மான் வந்து தின்பதும் வீடியோவாகக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அதன் கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக விழுந்தன. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எங்கிருந்தோ வேலைக்காக வந்து கடனில் வீடு வாங்கியவர்கள். அப்பாவுக்குத் திதி கொடுக்க ஊருக்குப் போக லீவு கிடைக்காதவர்கள். அகத்திக்கீரை கொடுக்க மாடு கிடைக்காதவர்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வழி தெரிந்துவிட்டது. அடுத்த அமாவாசைக்கு அந்தச் சந்துக்கு முன்னால் நாலைந்து பேர் கீரையோடு நின்றார்கள். ஆடி அமாவாசைக்கு ஒரு கூட்டமே நின்றது. ஸ்டேஷன் வாசல் கீரைக்காரம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அக்காவுக்கு முதலில் பெருமைதான். பிறகு கலக்கம் வந்தது. "இத்தனை பேரு நின்னா அது எப்படி வரும்?" என்றாள். ஆனால் வந்தன. கீரை ருசி கண்டவை, ஆளைக் கண்டும் வந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்களை மதிக்காமல் மேய்ந்த மான்கள் இப்போது எங்கள் கையைப் பார்த்தன.

மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். நல்ல மனிதர்தான், எதையும் ஒழுங்கு செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். சந்துக்கு அந்தப் பக்கம் வைப்பதால் கீரைத்தண்டு சிதறி வளாகத்துக்காரர்களிடமிருந்து புகார் வருகிறது, நெரிசலில் பெரியவர்கள் விழுந்துவிடுவார்கள், ஆகவே இந்த முறை நம் பக்கத்தில், ஜெனரேட்டர் அறைக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து எல்லாரும் வரிசையாக வைக்கலாம், மான்கள் உள்ளே வந்து சாப்பிடட்டும், கூட்டிப் பெருக்கவும் வசதி என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா என் காதில், "உள்ள எதுக்குடீ" என்றாள். நான் எழுந்து அதைச் சொன்னேன். "மேடம், அதுங்க ஏற்கெனவே உள்ள வந்துட்டுதானே இருக்கு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான்.

அமாவாசையன்று காலையில் தார்ப்பாய் நிறைந்திருந்தது. கீரை மட்டும் என்றால் பரவாயில்லை. மகாளயம் என்பதால் பலர் வீட்டில் பெரிய படையல். கீரை வைக்கிற இடத்தில் அதையும் வைத்தால் என்ன என்று யாரோ ஒருவர் வாழையிலையோடு சாம்பார் சாதம், வடை, பாயசம் என்று கொண்டுவந்து வைக்க, பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடி இலை எடுத்துவந்தார்கள். இறந்துபோனவர்களுக்கு அவரவருக்குப் பிடித்ததை வைக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒரு இலையில் மிக்சர்கூட இருந்தது. மான் வடை தின்னாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. வடை தின்கிறது எது என்பதும் தோன்றவில்லை.

மான்கள் சந்து வழியாக ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதலில் வந்தது அக்காவின் பெட்டை, அதன் பின்னால் குட்டி. அக்கா தன் கட்டைத் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல எங்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். வெளியே ஐம்பது அறுபது போன்கள் உயர்ந்திருந்தன. அப்போதுதான் முன்கேட் வழியாகத் தெருநாய்கள் வந்தன. வடை வாசனைக்குத்தான் வந்தன என்று இப்போதும் நினைக்கிறேன். இலைகளுக்குப் போனவை, மான் துள்ளியதைப் பார்த்ததும் இலையை மறந்துவிட்டன.

சந்து ஒரு மான் நுழைகிற அகலம்தான். மற்ற மான்கள் முண்டியடித்துக்கொண்டு போய்விட்டன. குட்டியும் போய்விட்டது. குட்டியை முன்னால் விட்டுவிட்டு, நுழைய இடமில்லாமல் இந்தப் பக்கம் திரும்பிய பெட்டை மட்டும் கார் நிறுத்துமிடத்துக்குள் ஓடியது. அங்கே போன வருடம்தான் பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதன் குளம்பு நிற்கவில்லை. நாலு காலும் நாலு பக்கம் விரிந்து விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாட்ச்மேன் கழியோடு போய் நாய்களை விரட்டுவதற்குள் கழுத்திலும் தொடையிலும் கடித்துவிட்டன. போன்களைப் பிடித்திருந்தவர்கள் தூண்களுக்குப் பின்னால் நின்றார்கள். ஜன்னலிலிருந்து ஓடிவந்த நானும் அவர்களோடுதான் நின்றேன்.

அக்கா போனாள். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைத் தூக்கி வாயில் ஊற்றினாள். தண்ணீர் இறங்கவில்லை. கடைவாயில் பாதி மென்ற அகத்தி இருந்தது. மான் கத்தவில்லை, மூச்சு மட்டும் வேகவேகமாக வந்து நின்றுவிட்டது. வனத்துறை ஆட்கள் வந்து பார்த்து, கடியைவிடப் பயத்தில்தான் போயிருக்கும் என்று சொல்லி, ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி அன்று முழுவதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் வடை வைத்தவர் ஒருவரும் இல்லை. இலை வைத்தவரும் இல்லை. குழுவில் இருந்த படங்கள் எல்லாம் காலைக்குள் அழிந்திருந்தன. சுற்றிச் சுற்றி வந்து பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

"யாரையும் குத்தம் சொல்லலை மேடம்" என்று ஆரம்பித்தார் செயலாளர். "ஆனா இந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சது உங்க வீட்லதானே."

எனக்கு அடக்க முடியவில்லை. "ஆரம்பிச்சது எங்க வீடு. உள்ள கூப்பிட்டது யாரு? மிக்சர் வச்சது எந்த வீடு?" என்று கேட்டேன். இரண்டாவது மாடிக்காரர் எழுந்து அவருடைய அப்பாவை நான் அவமானப்படுத்திவிட்டதாகச் சொன்னார். நானும் விடவில்லை. குரல் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொருவராக எனக்குப் பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலிலும் "உங்க அக்கா", "அந்தம்மா" என்று அவள்தான் வந்தாள். அவளுக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலியில் அவள் பாதியாகச் சுருங்கியிருந்தாள்.

"விடுடி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு எழுந்து நின்று, "நான்தான் ஆரம்பிச்சேன். இனிமே வைக்க மாட்டேன்" என்றாள். எல்லாரும் உடனே அமைதியாகிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

அந்த வாரமே சுவரில் சந்து விழுந்த இடத்தை ஹாலோ பிளாக் வைத்து அடைத்து, மேலே முள்கம்பி போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒரு மான்கூட எங்கள் பக்கம் வரவில்லை. பின்பக்கக் கேட்டில் இப்போது தாராளமாக ஹாரன் அடிக்கிறார்கள். தீபாவளிக்கு முதல்முறையாகப் பின்பக்கமும் வெடித்தார்கள். சுவருக்கு அப்பால் மான்கள் குரல் கொடுப்பது வெடிகளுக்கு நடுவில் கேட்டது. செம்பருத்தி என் இடுப்பளவு வளர்ந்து தினமும் பூக்கிறது. பூத்தது பூத்தபடி வாடி விழுகிறது, பெருக்கித் தள்ளுகிறேன்.

தீபாவளியை ஒட்டி வந்த அமாவாசையன்று அக்கா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சோபாவின் ஓரத்திலிருந்து அவள் எழுந்திருப்பதே குறைந்தது. டி.வி. ஓடும், பார்க்க மாட்டாள். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். எனக்குப் பயமாகிவிட்டது. ஆபீசில் ஒவ்வொருவராக விசாரித்ததில், வேப்பம்பட்டிலிருந்து வரும் ஒரு பெண், தன் மாமியார் வீட்டில் இன்னும் பசு இருக்கிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். சாதுவான மாடு, சுற்றிலும் இடம், நாய் கிடையாது. அந்த அம்மாவும் "எப்ப வேணா வரச் சொல்லு கண்ணு, நின்னுகினு பாக்கட்டும்" என்றார். ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

கார்த்திகை அமாவாசையன்று சீக்கிரமே போய் அகத்திக்கீரை வாங்கிவந்தேன். அக்கா குளித்துவிட்டுச் சமையலறையில் இருந்தாள். நான் மாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாய் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பலகையை எடுத்துப் போட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். அக்கா வந்த நாளிலிருந்து அமாவாசையன்று எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு எதுவும் அடுப்பேறியது கிடையாது.

"அக்கா, இன்னைக்கு அமாவாசை."

"தெரியும்."

"பத்து மணி ரயிலுக்குப் போயிடலாம். நானும் வரேன்."

எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டாள். அது வதங்குகிற வரைக்கும் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அவருக்குன்னு வச்சதைத் தின்னுகிட்டிருக்கும்போதுதான் அது செத்துச்சு. கீரை அது வாயில இருந்துச்சு, நான் பாத்தேன். அதோட குட்டி அன்னைக்கு ராத்திரி எதைத் தின்னுச்சோ. இனிமே எதுக்கும் ஒண்ணும் வைக்க வேண்டாம்டி. அவரு பசியோட இருக்கட்டும். என் கையால சோறு இல்லைன்னா அவரு கோவிச்சுக்க மாட்டாரு, பொறுத்துக்குவாரு."

கீரைக்கட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தேன். சாதம் வெந்ததும் அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். காக்கைக்குக்கூட வைக்காமல் நாங்கள் சாப்பிட்டோம்.